பேர் போட்ட ஏட்டில் பெயர் இல்லை

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகள் பிறருடைய வாழ்க்கையைத் தேடித் தேடி எழுதியவன் நான். ஓய்வுபெற்ற பின்னர்தான் என் சொந்தப் பூட்டனையும் பூட்டியையும் தேடிப் புறப்பட்டேன். அதைச் சொல்லுமுன் வேறொரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

லெவி ஸ்போல்டிங், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஜாஃப்ரி என்ற சிற்றூரில் 1791இல் பிறந்தவர். மனைவி மேரியுடன் 1819இல் பொஸ்டனில் 'இன்டஸ்' என்னும் கப்பலேறி, யாழ்ப்பாணத்துக்கு மிஷனரியாக வந்தார். 1833 முதல் உடுவில் பெண்கள் பாடசாலையை இருவரும் பொறுப்பேற்று நடத்தினர். அரை நூற்றாண்டுக்கு மேல் பணிபுரிந்த லெவி, 1873இல் யாழ்ப்பாண மண்ணிலேயே மறைந்தார். இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னும் அந்தச் சிற்றூர்த் தம்பதி ஏறிய கப்பலின் பெயர்கூட நமக்குத் தெரிகிறது. அவர்கள் கடிதம் எழுதினார்கள். அவர்களை அனுப்பிய சபை அதைப் பாதுகாத்தது. அவ்வளவுதான் இரகசியம்.

எங்கள் பூட்டனும் பூட்டியும் கடல் கடந்தே வந்தார்கள். கோப்பிக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து, மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மடுல்கெல்ல மலைக்கு ஏறியவர்கள். வழியில் வாந்திபேதிக்குப் பலியானவர்களை வழியிலேயே விட்டுவிட்டு நடந்த கூட்டம் அது. எந்தத் தோணி, எந்த ஆண்டு, எதுவும் எங்களுக்குத் தெரியாது.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்விலை வழியாக மடுல்கெல்லவுக்குப் போனேன். நக்கிள்ஸ் மலைத்தொடரின் மூடுபனி தேயிலை மீது இறங்கிக்கொண்டிருந்தது. தோட்டமொன்றின் அலுவலகத்தில் பழைய செக்ரோல் ஏதும் உண்டா என்று கேட்டேன். கறையான் தின்றது போக எஞ்சியதையும் எப்போதோ எரித்துவிட்டார்களாம்.

தோட்டத் தமிழில் 'பேர்' என்றால் ஒருநாள் சம்பளம். முழுநாள் உழைத்தால் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர். ஆயுள் முழுதும் பேர் போட்டவர்களின் பெயர்தான் எங்கும் இல்லை!

அமெரிக்காவிலும் எல்லோருக்கும் பெயர் கிடைத்துவிடவில்லை. 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாகக் குடும்பத் தலைவரோடு நில்லாமல், சுதந்திர மனிதர் ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது. ஏழை உழவனின் கைக்குழந்தைக்கும் அதில் ஒரு வரி உண்டு. அதே ஆண்டில் அடிமைகளுக்குத் தனி ஏடு. அதில் எசமானின் பெயர் இருக்கும். அடிமைக்குப் பெரும்பாலும் வயதும் பாலும் நிறமும் மட்டுமே. ஏட்டைக் கையில் வைத்திருப்பவன் யாரை மனிதனாகக் கருதினானோ, அவனுக்கே பெயர் கிடைத்தது.

முன்னோரைத் தேடுவது அமெரிக்கருக்கு ஓய்வுகாலப் பொழுதுபோக்கு. எங்களுக்கோ அது சட்டம். 1948இன் இலங்கைக் குடியுரிமைச் சட்டம், இங்கே பிறந்தவரிடமும், தந்தை இம்மண்ணில் பிறந்தவர் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்கள் என்றோ மெய்ப்பிக்கச் சொன்னது. என் பாட்டனார் மடுல்கெல்லவில் ஒரு லயத்தில் பிறந்தவர். பிறந்ததற்கு மலை சாட்சி, காகிதம் சாட்சியில்லை. காகிதம் இல்லாததால் என் தந்தை நாடற்றவரானார், நாடற்றவராகவே மறைந்தார். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எங்களைப் பங்கிட்டார்கள். அங்கும் எண்ணிக்கைதான், பெயர் இல்லை. எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அதற்குள் எத்தனை தலைமுறை!

லயத்தில் எண்பது வயதைக் கடந்த பெரியம்மா ஒருவர் இருந்தார். பூட்டனின் பெயரைத் தயங்காமல் சொன்னார். பூட்டியின் பெயரைக் கேட்டேன். நெடுநேரம் யோசித்தார்.

"பேரு தெரியலையேப்பா. மூத்தவன் ஆத்தான்னுதான் கூப்புடுவாங்களாம். கொழுந்தக் கையில தொட்டாலே முத்துன எல எதுன்னு சொல்லிப்புடுமாம்."

கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் அவர் கொழுந்து எடுத்தார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. என் தேடலில் அவரைப் பற்றிக் கிடைத்த ஒரே செய்தி அதுதான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒன்று உறைத்தது. சட்டம் கேட்டது தந்தையை, பாட்டனை, பூட்டனை. பூட்டியைச் சட்டமும் கேட்கவில்லை. இத்தனை காலம் நானும் கேட்கவில்லை. பெரியம்மாவின் தாயார் உயிரோடிருந்தபோது பலமுறை அந்த லயத்துக்குப் போயிருக்கிறேன். பூட்டியைக் கண்ணால் கண்டவர் அவர். அன்று அவரிடம் நான் கேட்டதெல்லாம் சம்பளப் போராட்டச் செய்தி.

உங்கள் வீட்டில் முதியவர் எவரேனும் இருந்தால் இன்றே கேட்டு எழுதி வையுங்கள். பூட்டனின் பெயர் எப்படியும் வந்துவிடும். பூட்டியின் பெயரை முதலில் கேளுங்கள்.