கைத்தொலைபேசி கற்பித்த பாடம்

எனது ஆங்கில வகுப்பறையின் வாயிலில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்திருந்தேன். 2017ஆம் ஆண்டு தொடங்கி மூன்று ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. கலைப்பீடத்து முதலாம் வருட மாணவர்கள் உள்ளே வருமுன் தத்தம் கைத்தொலைபேசிகளை அதனுள் இட்டுவிட்டே வரவேண்டும் என்பது நான் வகுத்த விதி. ஆங்கிலம் கற்க வந்தவர்க்கு ஆசிரியனும் பாடநூலும் கரும்பலகையும் போதும் என்ற எண்ணம் என்னிடம் உறுதியாக இருந்தது. இன்று அந்தப் பெட்டி என் வீட்டில் பழைய வினாத்தாள்களைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அது வகுப்பறையை விட்டு வெளியேறிய கதையையே ஈண்டு எழுத முனைகின்றேன். அக்கதையில் என் பிழையொன்றும் உண்டு. அதனை மறைத்து எழுதினால் இக்கட்டுரைக்குப் பயனில்லை.

முதலில் என் வகுப்பின் இயல்பைக் கூறவேண்டும். பத்தாண்டுகளுக்கு மேலாகப் பாடசாலையில் ஆங்கிலம் படித்துவிட்டு வருபவர்களே எம் மாணவர்கள். செயப்பாட்டு வினையின் விதியைக் கேட்டால் எழுதிக் காட்டுவர். நேற்று என்ன செய்தீர்கள் என்று ஆங்கிலத்திற் கேட்டாலோ முப்பது தலைகளும் ஒருங்கே குனியும். அறியாமையால் மட்டும் விளைந்த மௌனம் அன்று அது. விடை தெரிந்தவரும் அதனுள் அடக்கம். நம் நாட்டில் ஆங்கிலம் பேசுகையில் நேரும் பிழை மொழிப்பிழை என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. பேசியவர் எத்தகைய பாடசாலையிலிருந்து வந்தவர், அவருடைய தகப்பனார் யாது தொழில் செய்பவர் என்பவற்றையெல்லாம் அது சபையறியச் சொல்லிவிடுகிறது. சிங்கள மாணவர் ஆங்கிலத்துக்கு இட்ட பெயர் 'கடுவ', அதாவது வாள். பேராதனையில் ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா 1984இல் அச்சொல்லையே தலைப்பிற் கொண்டு எழுதிய கட்டுரை இத்துறையினர் நன்கறிந்தது. வாள் ஏந்தியவன் முன்னே வெறுங்கையுடன் நிற்பவன் எளிதில் வாய்திறப்பானா?

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, 1999இல் வெளிவந்த தமது நூலில், மாணவர் தம் பாடநூலின் ஓரங்களில் எழுதிவைத்த குறிப்புகளையும் கீறிய படங்களையும் ஆராய்ந்திருக்கிறார். ஆசிரியரின் கண்படாத அவ்வோரங்களில் மாணவர் தம் எண்ணங்களைத் தாராளமாகப் பேசியிருந்தனர். நான் அந்நூலைப் படித்தவன். படித்திருந்தும், என் மாணவருக்கும் அப்படியோர் ஓரம் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் நான் ஆங்கிலம் கற்றதே அத்தகையதோர் ஓரத்தில்தான். 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபோது எனக்குப் பன்னிரண்டு வயது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. மண்ணெண்ணெயைத் துளித்துளியாக உண்ணும் ஜாம் போத்தல் விளக்கே இரவுக்குத் துணை. செய்தி கேட்பதற்கு ஊரில் ஒரு வழி கண்டனர். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லிற் டைனமோவை முட்டவைத்து, அதன் கம்பிகளை வானொலிப் பெட்டியிற் பொருத்தி, ஒருவர் மிதிக்க ஏனையோர் கேட்பர். எங்கள் வீட்டில் மிதிப்பவர் அக்கா. தமிழ்ச் செய்தி முடிந்து பெரியவர்கள் எழுந்து போனபின், எனக்காக அவர் மேலுங் கால்மணி நேரம் மிதிப்பார். அமெரிக்காவின் குரல் வானொலி 1959 முதல் ஆங்கிலம் கற்போருக்கென ஒரு நிகழ்ச்சியை நடத்திவந்தது. ஏறத்தாழ 1500 சொற்களுக்குள் அடங்கும் செய்தியை அதில் நிறுத்தி நிதானமாக வாசிப்பர். கைக்கடக்கமான அந்த வானொலிப் பெட்டியைக் காதோடு அணைத்துக்கொண்டு, வாசிப்பவரைத் தொடர்ந்து ஒவ்வொரு வாக்கியத்தையும் நானும் சொல்வேன். அக்கா களைத்தால் அவர் குரலும் களைக்கும். இருட்டில் என் வாய் கோணுவதை எவரும் கண்டிலர். அக்கா ஒருநாளும் சிரித்ததில்லை. பிற்காலத்தில் ஆசிரியனானபோது, எனக்கு மொழி தந்தது அந்த இருட்டு என்பதை மறந்து, வானொலிதான் என்று எண்ணிவிட்டேன் போலும்.

2020 மார்ச்சில் கொரோனா நோய் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. எதனை வாயிலில் தடுத்து வைத்தேனோ அதுவே வகுப்பறையாயிற்று. மாணவர் பலரிடம் கணினி இல்லை. கைத்தொலைபேசி மட்டுமே இருந்தது. அதிலும் சிலர் அலைவரிசை கிடைக்கும் இடம்தேடி மேட்டிலும் மதிலிலும் ஏறவேண்டியிருந்தது. நேரடி வகுப்பு அடிக்கடி அறுந்துபோகவே வேறொரு வழியை நாடினேன். ஒவ்வொருவரும் தாம் இருக்கும் இடத்திலிருந்து கண்ணிற்படுவதை ஒரு நிமிடத்துக்குள் ஆங்கிலத்தில் கூறி, வாட்ஸ்அப் வழியாக எனக்குக் குரற்பதிவு அனுப்பவேண்டும் என்றேன்.

வந்த பதிவுகளுள் ஒன்று என்னை வியப்பில் ஆழ்த்தியது. அதனை அனுப்பியவர் மலையகத்துத் தேயிலைத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவி. வகுப்பில் தம் பெயரைத் தவிர வேறெதனையும் அவர் ஆங்கிலத்தில் கூறி நான் கேட்டதில்லை. நாற்பது விநாடிப் பதிவு. லயத்தின் தகரக்கூரையில் மழை விழும் ஒலி பின்னணியில் கேட்டது. மழைக்குள்ளும் தாயார் கொழுந்து பறிக்கப் போயிருப்பதையும், அடுப்படியில் பூனை படுத்திருப்பதையும், புத்தகங்கள் நனையாதிருக்கப் பானைக்குள் வைத்திருப்பதையும் அவர் கூறினார். பிழைகள் இருந்தன; ஆனால் அக்குரலில் ஒருவர் இருந்தார். எத்தனை முறை பதிவுசெய்தீர் என்று கேட்டேன்.

"பதினேழு தடவ சேர். பதினாற அழிச்சிட்டேன். கிளாஸ்ல பேசினா அழிக்க முடியாதே சேர்."

இந்த விடையிலேயே என் பாடம் இருந்தது. நான் அதனைக் கேட்டேன், கற்கவில்லை. மகிழ்ச்சி மிகுதியால் அப்பதிவை வகுப்புக் குழுவில் எல்லோரும் கேட்குமாறு இட்டேன். ஆசிரியக் கடமையும் தவறக்கூடாதென்று, அதிலிருந்த பதினொரு பிழைகளை எண்ணிட்டு நிரைப்படுத்தி அதன் கீழே எழுதினேன். அன்றிரவே அவர் குழுவிலிருந்து விலகிவிட்டார். இரண்டு வாரங்கள் ஒப்படையும் வரவில்லை, குரலும் வரவில்லை. வாளைப்பற்றி வகுப்பெடுத்தவன் தன் கையிலேயே அது இருப்பதை அறிந்திலன்.

அந்த இரண்டு வாரங்களில், கைத்தொலைபேசி வழியாக ஆங்கிலம் கற்பித்த பிறநாட்டு முயற்சிகளைத் தேடிப் படித்தேன். ஜப்பானில் தோர்ன்ரன், ஹவுசர் என்னும் இருவர் பல்கலைக்கழக மாணவரின் கைத்தொலைபேசிகளுக்கு நாளொன்றுக்கு மூன்று முறை, 100 சொற்கள் அளவான சிறு பாடங்களை மின்னஞ்சலில் அனுப்பினர். அவற்றைப் படித்தோர் இணையத்தளத்திற் படித்தவரைவிட அதிகமான சொற்களைக் கற்றனர் என்று 2005இல் எழுதினர். பங்களாதேசத்தில் 2009இல் தொடங்கிய 'பிபிசி ஜானாலா' திட்டத்திலோ, சாதாரணத் தொலைபேசியில் 3000 என்னும் எண்ணை அழைத்து மூன்று நிமிடப் பாடமொன்றைக் கேட்க முடிந்தது. இணையம் வேண்டியிருக்கவில்லை, எழுத்தறிவு மிகுதியும் வேண்டியிருக்கவில்லை. இவற்றின் சிறப்பாகப் பாடத்தின் சுருக்கத்தையும் மறுபடி மறுபடி வரும் பயிற்சியையும் அறிஞர் எடுத்துரைப்பர். அது சரியே. ஆயின் அவர்தம் கூற்றோடு என் மாணவியின் விடையையும் சேர்த்து நோக்கியபோது இன்னொன்று புலனாயிற்று. தொலைபேசிப் பாடத்தைப் பிறர் அறியாமற் கேட்கலாம், பத்து முறை கேட்கலாம், தவறாகத் திருப்பிச் சொல்லலாம். காதோடு வைத்த கருவி சிரிப்பதில்லை. நம்மைப் போன்ற சமூகத்தில் அதன் முதன்மையான பயன் இதுவே என்பேன்.

மன்னிப்புக் கேட்க எண்ணினேன். தமிழிற் கேட்பது எளிது. ஆங்கிலத்திற் கேட்பது அதனினும் எளிது. இரண்டிலும் நான் பாதுகாப்பாக இருப்பேன். எனக்கு அச்சந்தரும் மொழி சிங்களம். இத்தனை ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தும் கடையிற் பொருள் வாங்கும் அளவுக்கு மேல் அதனை நான் கற்றதில்லை. அம்மாணவியோ தோட்டத்தை அடுத்த கிராமத்தவருடன் பழகி அதனை நன்றாகப் பேசுபவர். எனவே, குழுவில் அன்றி அவருக்கு மட்டும், சிங்களத்தில் ஒரு குரற்பதிவு அனுப்பினேன். நான் செய்தது தவறு என்பதும், இப்பதிவிலுள்ள பிழைகளைத் திருத்தித்தர வேண்டும் என்பதும் அதன் பொருள். அனுப்புமுன் ஒன்பது முறை அழித்தேன். ஒவ்வொரு முறை அழிக்கும்போதும் என் காது மடல் சுட்டது. இரண்டு நாட்களின் பின் அவருடைய விடை வந்தது. என் வாக்கியங்கள் நான்கையும் ஒவ்வொன்றாகத் திருத்தி, மெதுவாகச் சொல்லியிருந்தார். இறுதியில் தமிழில் ஒரு கேள்வி: "சேர், இத குரூப்புல போடணுமா, உங்களுக்கு மட்டும் போதுமா?" அதில் குத்தல் இருந்ததா இல்லையா என்பதை நான் இன்றளவும் அறியேன். இருந்திருப்பின் அது எனக்குத் தகும்.

அதன்பின் என் கற்பித்தல் முறை மாறியது. முதல் மாதம் மாணவர் தமக்குத் தாமே பதிவுசெய்து தாமே கேட்டனர். எனக்கு அனுப்ப வேண்டியதில்லை. அடுத்து ஒரு நண்பருக்கு அனுப்பினர். அதன்பின் மூவர் சேர்ந்த சிறு குழுவுக்கு, இறுதியிலேயே எனக்கு. நான் ஒரு பதிவுக்கு ஒரு பிழையை மட்டும் சுட்டினேன். அதனையும் எழுத்தில் அன்றி, சரியான வாக்கியத்தைப் பேசிப் பதிவாக அனுப்பினேன். மாதக்கணக்கிற் குனிந்திருந்த தலைகளின் குரல்கள் ஒவ்வொன்றாக என் காதுக்கு வந்து சேர்ந்தன.

ஆயினும் இக்கதையை இங்கே முடித்துவிட்டால் அது பாதி உண்மையாகவே இருக்கும். 2022இன் தொடக்கத்தில் நேரடி வகுப்புகள் நடைபெற்றபோது, கருவியிற் சரளமாகப் பேசிய அதே மாணவர்கள் என் முன்னே மீண்டும் ஊமைகளாயினர். இருட்டு மொழியை வளர்க்கும். ஆனால் இருட்டிலேயே வாழ்ந்துவிட முடியாது. நேர்முகப் பரீட்சையில் பதினாறு பதிவுகளை எவரும் அழிக்கவியலாது. ஒளிந்து பழக இடந்தந்த கருவி, ஒளிந்தே இருப்பதற்கும் இடந்தரும் என்பதை அப்போதுதான் கண்டேன்.

அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் நாடெங்கும் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அந்நாட்களில் ஒன்றில் அம்மாணவி வகுப்பின் முன் ஆங்கிலத்தில் உரையாற்ற வேண்டியிருந்தது. திரையிற் காட்டவென ஆயத்தம் செய்தவை மின்சாரமின்றிப் பயனற்றுப்போயின. உரையைக் கைத்தொலைபேசியில் எழுதிவைத்திருந்தார். விடுதியில் முதல்நாளிரவு மின்னேற்ற வழியின்றி அதுவும் அணைந்து கிடந்தது. இன்னொருநாள் பேசலாம் என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் தொடங்கிவிட்டார். தாயார் நாளுக்கு 18 கிலோ கொழுந்து பறித்தாலே முழுச்சம்பளம் கிடைக்கும் என்பதைக் கூறிய வாக்கியத்தில் வினைமுற்றுப் பிழைத்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார். அவர் நிறுத்தினார், அதே வாக்கியத்தை, அதே பிழையுடன், முன்னிலும் உரக்கச் சொன்னார், மேலே தொடர்ந்தார். அதன்பின் ஒருவரும் சிரிக்கவில்லை. நான் அப்பிழையைக் குறித்துக்கொள்ளவுமில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தபின் கைத்தொலைபேசியின் ஆற்றல் பன்மடங்காகிவிட்டது. இன்று அது மாணவருக்காகப் பிழையற்ற ஒப்படையை ஒரு நிமிடத்தில் எழுதித்தருகிறது; கேட்டால் அவரோடு ஆங்கிலத்தில் உரையாடவும் செய்கிறது. இவற்றுள் ஒன்று மாணவரின் வாயை அடைக்கும், மற்றையது திறக்கும். எதனைத் தெரிவது என்பதைக் கருவி முடிவுசெய்யாது. வகுப்பறையிற் பிழைக்கு நாம் கொடுக்கும் வரவேற்பே முடிவுசெய்யும். பிழை விட்டால் தலை போகும் என்னும் இடத்தில் எவரும் பிழையற்றதையே இரவல் வாங்குவர்.

மாணவ நண்பர்களுக்குக் கூறுவது ஒன்று: உங்கள் கையிலிருப்பது சிரிக்காத துணை; அதனிடம் தாராளமாகத் தவறுங்கள், ஆனால் அதனோடு நின்றுவிடாதீர்கள். ஆசிரிய நண்பர்களுக்குக் கூறுவதும் ஒன்று: திருத்துமுன், உங்களுக்கு அச்சந்தரும் ஒரு மொழியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவுசெய்து பாருங்கள்.

அக்கா இப்பொழுது கடல்கடந்து வாழ்கிறார். அண்மையில் தொலைபேசியிற் பேசும்போது, அந்நாட்களில் நான் சொன்ன ஆங்கிலத்தைக் கேட்டு ஏன் ஒருமுறையாவது சிரிக்கவில்லை என்று கேட்டேன். "மிதிக்கிறவைக்குச் சிரிக்க மூச்செங்கையடா?" என்றார்.