வைரஸ் என்று சொன்னேன்

டி. கல்லுப்பட்டியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். ஒரு கல்லூரி மாணவியின் லேப்டாப்பில் இருந்த அத்தனையையும் அழித்தேன். பழியை வைரஸ் மேல் போட்டேன். இரண்டையும் தெரிந்தேதான் செய்தேன்.

2011-ல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்த மெஷின் அது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருக்கும். சென்னை சிடாக் உருவாக்கியது, டெபியன் வழி வந்தது. கடைக்கு வருகிறவர்கள் லினக்ஸைத் தூக்கிவிடச் சொல்வார்கள். தூக்குவேன். அதைக் கற்றுக்கொள்ளவில்லை. இந்தப் பெண் லினக்ஸிலேயே வேலை பார்த்திருந்தாள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

"ஃபைலெல்லாம் இருக்கும்ல அண்ணே?"

"எங்கயும் போகாதும்மா."

பூட் மெனுவில் ரெகவரி மோடு என்று ஒரு வரி. தட்டினேன். அதுவும் ரூட் என்கிற அட்மின் கணக்கின் பாஸ்வேர்டு கேட்டது. என் வித்தை அதோடு தீர்ந்தது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். மதுரைக்கு எடுத்துப்போகச் சொல்லியிருக்கலாம். கடையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கம்ப்யூட்டர் என்றால் என்னைத்தான் கைகாட்டுவார்கள். அந்தப் பெயர் போய்விடுமே என்று பயந்தேன். சாயங்காலம் வரச் சொல்லிவிட்டு, ஃபார்மட் அடித்துத் திருட்டு விண்டோஸைப் போட்டேன்.

"வைரஸ் எல்லாத்தையும் தின்னுருச்சும்மா." கூலியும் வாங்கினேன்.

நான் அழித்தது என்னவென்று சொல்கிறேன். கிராமப் பொருளாதாரம் பேசிய ஜே.சி. குமரப்பா, 1960-ல் மறைவதற்கு முந்தைய ஆண்டுகளை எங்கள் ஊர் காந்தி நிகேதனில் கழித்தவர். அவரைச் சிறு வயதில் பார்த்த பெரியவர்களைத் தேடிப்போய், அவர்கள் பேச்சை அவள் பதிந்து வைத்திருந்தாள். கல்லூரி ப்ராஜெக்ட். போனில் இடமில்லாமல் லேப்டாப்புக்கு மாற்றியிருந்தாள். மறுபடி பதியப் போனபோது ஒருவர் இறந்திருந்தார். இன்னொருவருக்கு நினைவு தப்பியிருந்தது. அழுதுகொண்டே என்னிடம்தான் வந்து சொன்னாள். அப்போதும் வாய் திறக்கவில்லை.

பிறகுதான் படித்தேன். மெஷின் ஏறும்போது வரும் க்ரப் மெனுவில் 'இ' பட்டனை அழுத்த வேண்டும். 'லினக்ஸ்' என்று தொடங்கும் வரியின் கடைசியில் 'இனிட்=/பின்/பாஷ்' என்று சேர்த்து பூட் செய்தால், பாஸ்வேர்டு கேட்காமல் ரூட்டாக உள்ளே விடும். டிஸ்க்கை எழுதும் நிலைக்கு மாற்றிவிட்டுப் புதுப் பாஸ்வேர்டு வைக்கலாம். பழையதைக் கண்டுபிடிக்கவே வேண்டாம். ஃபைல்கள் அப்படியே இருக்கும். என்க்ரிப்ட் செய்த டிஸ்க்காக இருந்தால் கதை வேறு. அவளுடையது அப்படி இல்லை. இந்த வேலைகூடத் தேவையில்லை. விண்டோஸ் போட எடுத்த அதே பென்டிரைவில் லைவ் லினக்ஸை ஏற்றியிருந்தால், அவள் சேர்த்ததையெல்லாம் காப்பி எடுத்திருக்கலாம்.

இப்போது அவள் டீச்சர். தன்னிடம் படிக்கும் பிள்ளைகளின் லேப்டாப்பை, நம்பிக் கொடுக்கலாம் என்று சொல்லி என் கடைக்கே அனுப்புகிறாள். வாங்கி வைத்துக்கொள்கிறேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.