செத்த காலேஜுக்குப் போன பொங்கல்

எங்கள் வீட்டில் மாதத்துக்கு ஒரு நாள்தான் தறிச் சத்தம் கேட்காது. அது அமாவாசை. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் அன்றைக்குத் தெருவே வேறு மாதிரி இருக்கும். நாளெல்லாம் தறிக்குழியில் காலைத் தொங்கப் போட்டிருக்கிற ஆண்கள் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். பாவுக்குப் போடுகிற கஞ்சி வாடையை மிஞ்சிக்கொண்டு வீட்டுக்கு வீடு தாளிக்கிற வாசனை கிளம்பும். ஆயா தலைக்குக் குளித்து, ஓட்டு மேல் சோற்றை வைத்து, காக்கை வந்து தொடுகிற வரைக்கும் எங்களை இலையில் உட்கார விடாமல் கா கா என்று தொண்டை வறளக் கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். சாப்பாடு முடிந்ததும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டு, "பசங்களா, கைலாசநாதர் கோயிலுக்குப் போலாமா?" என்பார். அதற்குள் நாங்கள் வாசலில் நிற்போம்.

புத்தேரித் தெரு வழியாக நடந்தால் கோயில். அதன் முன்னால் தொல்லியல் துறை வளர்க்கிற புல்வெளி. பாவு நீட்டுகிற தெருவில் பிறந்த எங்களுக்குப் பூங்கா என்றால் அதுதான். தனியே வெயிலில் உட்கார்ந்திருக்கும் நந்தியைத் தொட்டுவிட்டு உள்ளே ஓடினால், மதிலை ஒட்டி வரிசையாக 58 குட்டிச் சன்னதிகள். ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு அதை வீடு என்போம். என் வீட்டில் சுவரோரம் கொஞ்சம் சிவப்பும் பச்சையும் ஒட்டிக்கொண்டிருக்கும். பல்லவர் காலத்து ஓவியத்தில் மிஞ்சிய துணுக்கு அது என்று யாரும் அப்போது சொல்லவில்லை. என் வீட்டுக்கு மட்டும் வெள்ளையடிக்கவில்லை என்று எனக்குக் குறை.

அப்பா அவசரப்பட மாட்டார். யாளித்தூண் ஒன்றின் அடியில் குந்தி, அதன் பிடரிச் சுருளை விரலால் தொடாமல், காற்றில் கூடவே விரலை ஓட்டிப் பார்ப்பார். "நம்ம கரையில ஓடுற யாளி இவர்தான். ஆனா பாரு, இங்க சுழி மேல ஏறுது, நம்ம அட்டையில கீழ இறங்குது." ஜக்கார்டு அட்டையில் ஓட்டை தப்பினால் கரையில் யாளியின் பல் ஒன்று காணாமல் போகும் என்பது எனக்குத் தெரியும். கோர்வைச் சேலைக்கு அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளிக் கொடுக்கிற வேலை எனக்குத்தான். தினமும் என் கண் முன்னால் ஒரு விரற்கடையாக வளர்கிற பிராணி, இங்கே என்னைவிட உயரமாக, பின்னங்காலில் எழுந்து நின்றுகொண்டிருக்கும். பல்லவ ராஜா ராஜசிம்மன் கோயிலைக் கட்டி ஏறக்குறைய 1,300 வருஷம் ஆகியிருந்தது. வாசலில் சீட்டுக் கிழிக்க ஆளில்லை, இன்றைக்கும் இல்லை.

பட்டணத்து அருங்காட்சியகத்துக்குப் போனது ஒரு காணும் பொங்கலுக்கு. எங்கள் பக்கத்தில் அதற்குச் செத்த காலேஜ் என்று பேர்; மூர் மார்க்கெட் பக்கம் இருந்த மிருகக்காட்சி சாலை உயிர்க் காலேஜ். இரண்டுக்கும் மூலவர் ஒருவரே, எட்வர்ட் பால்ஃபர் என்கிற வெள்ளைக்கார டாக்டர். 1851-ல் காலேஜ் ரோட்டில் தொடங்கி, பிறகு எழும்பூருக்கு மாறிய அருங்காட்சியகத்துக்கு அவர்தான் முதல் பொறுப்பாளர். உயிருள்ள மிருகங்களைக் கொண்டுவந்து வைத்தால் சனம் கூடுகிறது என்று கண்டு, 1855-ல் அங்கேயே மிருகக்காட்சியையும் சேர்த்தார். ஏழை சனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பார்த்தார்கள். பேரும் அவர்கள் வைத்ததுதான்.

அந்த ஒரு நாளுக்காக அப்பா மார்கழியிலிருந்தே கணக்குப் போட்டார். செங்கல்பட்டில் வண்டி மாறி எழும்பூர் போய்வர எல்லோருக்கும் ரயில் சீட்டு, நடுவில் தம்பிக்கு ஏதாவது வாங்கித் தர வேண்டிய காசு, எல்லாவற்றுக்கும் மேலே தறி நிற்கிற நாளின் கூலி. நெய்தால்தான் கூலி, பொங்கலுக்கு நின்ற தறி இன்னும் ஒரு நாள் கூட நிற்கும். அருங்காட்சியக வாசலில் ஆகிற செலவு அந்தக் கணக்கில் ஒரு மூலைக்குக்கூட வராது. அம்மா விடியற்காலையில் புளிசோறு கிளறி இலையில் கட்ட, அந்த நல்லெண்ணெய் மணம் ரயில் பெட்டி முழுக்க எங்களோடு வந்தது.

திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துத் தம்பி அப்பாவின் வேட்டிக்குள் புகுந்துகொண்டான். அமராவதிக் கற்களின் முன்னால் நான் யாளியைத் தேடினேன். செப்புத்திருமேனிகள் இருந்த இடத்துக்கு வந்ததும் அம்மா செருப்பைக் கழற்றிக் கதவோரமாக வைத்தாள். "போட்டுக்கலாம்மா, இது கோயில் இல்லை" என்றார் காவலுக்கு நின்றவர். அம்மா தலையை ஆட்டிவிட்டு வெறுங்காலோடு போய், திருவாலங்காட்டு நடராசர் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்த கிராமத்துப் பெண்களும் போட்டுக்கொண்டார்கள். அவர்கள் பார்த்த அளவுக்கு அந்த நடராசரை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்திருப்பார்களா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். அப்பாவோ சிலைகளின் இடையில் கட்டிய துணியில் மடிப்பு எப்படி விழுகிறது என்றே பார்த்தார். ஊருக்குத் திரும்பிய பிறகும் தறியில் உட்கார்ந்தபடி நினைத்துக்கொண்டாற்போல, "அந்த அம்மன் கட்டியிருந்தது மெல்லிசு பட்டுடா, நூல்ல அப்படி விழாது" என்பார்.

இன்றைக்கும் எழும்பூரில் சீட்டு பெரிய விலை இல்லை; பெரியவருக்கு 15 ரூபாய் என்று பல வருஷம் இருந்தது. மாமல்லபுரத்தில் 15 வயது வரை பிள்ளைகளுக்கு இலவசம், பெரியவருக்கு 40. அங்கே கம்பிவேலிக்கு வெளியே ஒரு அம்மாவைப் பார்த்திருக்கிறேன். புருஷனையும் பிள்ளைகளையும் உள்ளே அனுப்பிவிட்டு, பையோடு மர நிழலில் உட்கார்ந்திருந்தார். என் அம்மாவை அப்படி வெளியே உட்கார வைத்திருந்தால் நடராசர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்க மாட்டார். இப்போது உயிர்க் காலேஜ் வண்டலூரில். பெரியவருக்கு 200 ரூபாய் ஆக்கினார்கள். சென்னையில் 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவில் நுழைய 100. செடி பார்க்க நூறு ரூபாய் என்றால் எங்கள் தெருவில் யார் கிளம்புவார்கள்? பராமரிப்புக்குப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லோரிடமும் ஒரே விலை கேட்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் 2014 முதல், அரசின் உணவு உதவி அட்டையைக் காட்டுகிற குடும்பத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களில் இலவசம், அல்லது அதிகம் போனால் தலைக்கு 3 டாலர். நம்மிடம் ரேஷன் கார்டு இல்லாத ஏழை வீடு உண்டா? அந்தக் கார்டு பூங்கா வாசலில் செல்லுபடியானால் போதும்.

அதோடு பஸ்ஸையும் யோசிக்க வேண்டும். பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸில்தான். காஞ்சியிலிருந்து சென்னைக்கு அது ஓடாது. எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. தறிக்கு அமாவாசை விடுமுறை. இரண்டும் ஒரே நாளில் வந்துவிட்டால் நெசவாளி வீட்டுக்கு அந்த மாதமே போச்சு. பிள்ளையார்பாளையத்திலிருந்து அமாவாசைதோறும் ஒரு பஸ், கார்டைக் காட்டினால் ஏறிக்கொள்ளலாம் என்று அரசாங்கம் விட்டால், வழிச்சோறு நாங்களே கட்டிக்கொள்வோம்.