எஞ்சின் உண்ணும் காற்று

மோட்டார் காருக்கு உணவு எது என்று கேட்டால், பெட்ரோல் என்று தயங்காமல் சொல்லிவிடுவோம். அது விடையில் ஒரு சிறு பகுதிதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். லிட்டர்க் கணக்கில், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு ஏறக்குறைய 11 கிலோ காற்று.

சிலிண்டரின் கொள்ளளவு மாறாதது. ஆனால் எரிதலுக்கு வேண்டியது காற்றின் பருமன் அன்று, அதன் நிறை. சூடான காற்று விரிந்து நிற்கும். குளிர்ந்த காற்று செறிந்து நிற்கும். தில்லிக்கு வந்து சேர்ந்த நாம், ஜனவரி விடியலின் 5 டிகிரியையும் மே மாத நண்பகலின் 45 டிகிரியையும் தோலால் அறிந்தவர்கள். தனிவெப்பநிலைக் கணக்கில் அவை 278, 318. அழுத்தம் ஒன்றே என்று கொண்டால், ஜனவரிக் காற்று மே மாதக் காற்றைவிட நூற்றுக்கு 14 பங்கு அடர்த்தி மிகுந்தது. அதே சிலிண்டருக்குள் அவ்வளவு கூடுதலான காற்று புகும். அதற்கேற்பப் பெட்ரோலும் புகும். முழு வேகத்தில் ஆற்றலும் கூடும்.

இந்த உண்மையை வைத்தே ஒரு வணிகம் நடக்கிறது. நம் சங்கத்து நண்பர் ஒருவர் பழைய கார் ஒன்று வைத்திருக்கிறார். ஜூலையில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்திறங்கும் புதிய மாணவர்களைப் பெட்டி படுக்கைகளோடு விடுதிக்கு அழைத்து வருவது அந்தக் கார்தான். சுமை ஏறினால் அது மேம்பாலத்தில் திணறும். பட்டறைக்காரர் ஒருவர், காற்று வடிகட்டியின் மூடிய பெட்டியைக் கழற்றிவிட்டுக் கூம்பு வடிவத் திறந்த வடிகட்டியைப் பொருத்தச் சொன்னார். குளிர்ந்த காற்று தாராளமாகக் கிடைக்கும் என்பது அவர் வாக்கு. விலையோ நண்பரின் ஒரு மாத உதவித்தொகை.

பேச்சைவிடச் சோதனை நல்லது என்று, பேராசிரியரின் இசைவோடு ஆய்வுக்கூடத்து மின் வெப்பமானி ஒன்றை எடுத்துச் சென்றோம். வெளியே 38 டிகிரி. நெரிசலில் அரைமணி நேரம் ஊர்ந்தபின், முகப்பு விளக்கின் அருகே இருந்த பழைய காற்றுக் குழாயின் வாயில் 41 டிகிரி. கூம்பு வடிகட்டி அமர வேண்டிய இடத்தில் 62 டிகிரி! காரைச் செய்தவர்கள் காற்றை வெளியிலிருந்தே எடுத்திருந்தார்கள். அதை விட்டு எஞ்சின் சூட்டில் வெந்த காற்றை உண்ணச் செய்தால், அந்த நிலையில் நூற்றுக்கு 6 பங்கு காற்றை இழப்போம். வண்டி விரைந்து ஓடும்போது இந்த வேறுபாடு குறையும் என்பதும் உண்மைதான். ஆனால் திணறுகிற வண்டி விரைந்து ஓடுவதில்லையே!

பிறகு ஏன் பலர் ஆற்றல் கூடிவிட்டது என்கிறார்கள்? பெட்டி போனதும் எஞ்சின் காற்றிழுக்கும் ஓசை உரக்கக் கேட்கிறது; காது ஏமாறுகிறது. நிறைகுடம் தளும்பாது என்பதைப் பட்டறையில் யாரும் நினைப்பதில்லை.

அப்படியானால் காற்றைக் குளிர்விப்பதே வீணா? இல்லை. டர்போ பூட்டிய எஞ்சினில் காற்றை அழுத்தித் திணிக்கிறார்கள். அழுத்தத்தை இரட்டித்தால், 35 டிகிரிக் காற்று 100 டிகிரியைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் என்னும் குளிர்விப்பான் அதை 60 டிகிரிக்கு இறக்கினால், அடர்த்தி நூற்றுக்கு 12 பங்காவது உயரும். பெட்ரோல் எஞ்சினாயின் சூட்டால் விளையும் 'நாக்கிங்' என்ற தட்டலும் குறையும். நண்பரின் காரில் டர்போ இல்லை.

கணக்கைக் கேட்ட பட்டறைக்காரர் சளைக்கவில்லை. "குழாயை பம்பருக்குக் கீழே இறக்கிவிடலாம், அங்கே இன்னும் குளிர்ச்சி" என்றார். இங்கேதான் நான் அஞ்சினேன். 2024 ஜூன் 28 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சப்தர்ஜங்கில் 228 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. புதுதில்லி நிலையத்துக்கு அருகிலுள்ள மிண்டோ பாலத்தடி குளமாயிற்று. தாழ்ந்த குழாய் அத்தகைய இடத்தில் காற்றுக்குப் பதில் நீரை உறிஞ்சும். காற்றை அழுத்தலாம், நீரை அழுத்த முடியாது. மேலேறும் பிஸ்டன் தடைபட்டு, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், எஞ்சின் பாழாகும். வெள்ளத்தின் நடுவே, ஊர் தெரியாத புதிய மாணவர்களும் வண்டியோடு நிற்பார்கள்.

நண்பர் குழாயைத் தொடவில்லை. அடைந்துகிடந்த தாள் வடிகட்டியை மாற்றினார்; விரிந்திருந்த குழாய் இணைப்பை இறுக்கினார். உதவித்தொகையின் பெரும்பகுதியில் தேய்ந்த டயர்களுக்குப் பதில் புதியவை வாங்கினார். சுமையோடு மேம்பாலம் ஏறும்போது வண்டி இன்னும் சற்றுத் திணறத்தான் செய்கிறது. பெட்டிகளை இரண்டு தடவையாக ஏற்றி வருகிறோம்.

இந்த ஜூலையிலும் நம்மில் சிலர் கார் எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போவோம். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தேங்கிய நீரின் ஆழம் தெரியாவிட்டால் சுற்றுவழியில் செல்லுங்கள். நீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால், மீண்டும் முடுக்கிப் பார்க்காதீர்கள். முதலில் அனைவரும் இறங்கிப் பாதுகாப்பான இடத்துக்கு வாருங்கள். வண்டியைப் பிறகு தள்ளிக்கொண்டு வரலாம்.