ஊரடங்குக்கு முந்தின நாள் மளிகைக் கணக்கு

கேரளக் கடற்கரையின் தெற்குக் கோடியில் இருக்கிறது எங்க ஊர் பொழியூர். அதைத் தாண்டினா நீரோடி, தமிழ்நாடு. காய்கறிக்குக் களியக்காவிளை, ஆஸ்பத்திரிக்குப் பாறசாலை என்று எல்லையைக் கண்டுகொள்ளாமல் வாழ்ந்த சனங்க நாங்க.

2020 மார்ச் ஊரடங்கு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எங்க கரைக்கு இன்னொன்றும் வந்தது. ஜூலை 17 மாலை, பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் என்று முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார். மறுநாள் முதல் இடவாவிலிருந்து பொழியூர் வரை கடற்கரை முழுக்க பத்து நாள் அடைப்பு.

மஸ்கட்டிலிருந்து உடனே போன் போட்டேன். "அம்மா, பணம் அனுப்பிட்டேன். ஒரு மாசத்துக்குச் சாமான் வாங்கிப் போடும்மா."

"ஒரு மாசத்துக்கா? நான் சாக்கு அரிசி தூக்கிட்டு வந்தா அடுத்த வீட்டுக்காரி முகத்த எப்படிப் பாப்பேன் மக்களே?"

யோசித்துப் பார்த்தால் மாச லிஸ்ட் என்பதே மாசச் சம்பளக்காரன் பழக்கம். எங்க கரையில் வள்ளம் வந்து, மீன் ஏலம் போய், பங்கு பிரித்த பிறகுதான் சாயங்காலம் அரிசி. ஒரு கிலோ அரிசி, நூறு எண்ணெய், ரெண்டு மரச்சீனிக் கிழங்கு... அவ்வளவுதான். மீதி, கடையில் பற்று. அதிலும் அது மழைக்காலம். பொழியூரில் அப்போது துறைமுகம் கிடையாது. அந்த மாதங்களில் ஆம்பளைங்க விழிஞ்ஞம் போய்த்தான் கடலில் இறங்குவார்கள். பழைய பற்று தீர்வதே அந்தப் பாட்டில்தான்.

வங்கியில் நாங்கள் கடன் கொடுக்கும்போது ஈடு கேட்போம். ஊர்க் கடைக்காரருக்கு ஈடு, நாளைய கடல். கடலையே பூட்டிவிட்டால் அவர் எதை நம்பி நோட்டில் எழுதுவார்?

ஒரு வாரத்தில் ஓமனிலும் அடைப்பு. ஜூலை 25 முதல் இரவு 7 மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது. முந்தின நாள் ஹைப்பர்மார்க்கெட்டில் டிராலியை நிரப்பி, கார்டைத் தேய்த்துவிட்டு வந்தேன். பத்து நிமிஷ வேலை.

அன்று ராத்திரிதான் தங்கச்சி போனில் சொன்னாள். அம்மா வாங்கினது பத்து கிலோ அரிசியும் சுகர் மாத்திரையும் மட்டும். மிச்சப் பணத்தில் பக்கத்து ரெண்டு வீட்டுப் பழைய பற்றை அடைத்திருக்கிறாள். பழசு தீர்ந்ததால் கடைக்காரர் அவர்களுக்குப் புதுப் பக்கம் திறந்தாராம்.

இன்றைக்கும் முதல் தேதி அம்மாவுக்குப் பணம் போகிறது. அதில் எவ்வளவு யார் பற்றுக்குப் போகிறது என்று நான் கேட்பதில்லை.