ஜெபமும் வேலையும்: கொஞ்சம் கணக்கு வழக்கு

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துச் சபைகளில் பேனா ஜெபம் ஆரம்பித்துவிடும். பத்தாவது, பன்னிரண்டாவது எழுதப் போகிற பிள்ளைகள் ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் கொண்டுபோய் முன்னால் வைப்பார்கள். போதகர் கை வைத்து ஜெபிப்பார். இதைக் கிண்டலடிக்க எனக்கு மனசில்லை. பிள்ளையார் முன்னால் பேனாவை வைத்து எடுத்து வருகிற என் வகுப்புத் தோழர்கள் செய்வதும் இதைத்தான். பயந்துபோன பிள்ளைக்குக் கொஞ்சம் தைரியம் கிடைத்தால் நல்லதுதானே. எனக்கு உறுத்துவது அதற்கு அப்புறம் வரும் பேச்சு: "நீ ஜெபம் பண்ணு, மார்க்கை அவர் பார்த்துக்குவார்."

அப்படிப் பார்த்தால் பவுலுக்குத்தான் முதலில் கோபம் வந்திருக்க வேண்டும். தெசலோனிக்கே சபையில் சிலர் வேலைவெட்டியை விட்டுவிட்டு ஊர் சுற்றிக்கொண்டு இருந்தார்கள். ஆண்டவர் சீக்கிரம் வரப்போகிறார் என்று அந்த ஊரில் ஒரே பேச்சாக இருந்த நேரம் அது. வேலை செய்ய மனசில்லாதவனுக்குச் சாப்பாடும் வேண்டாம் என்கிற அர்த்தத்தில் பவுல் கடிதம் எழுதினார். அவரே கூடாரம் தைத்துப் பிழைத்த ஆள். இயேசுவும் ஏறக்குறைய முப்பது வயது வரை தச்சு வேலைதான். அந்த முப்பது வருஷத்தைப் பற்றி யாரும் பிரசங்கம் செய்து நான் அதிகம் கேட்டதில்லை.

இது ஒரு பக்கம். மறுபக்கம் இன்னொரு கூட்டம் இருக்கிறது, வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிற கூட்டம். 'தானியேலின் ஐந்து வெற்றிப் பழக்கங்கள்', 'யோசேப்பைப் போல நேரத்தை நிர்வகிப்பது எப்படி' என்று தலைப்பு இருக்கும். காலை நாலு மணிக்கு எழு, மூன்று வேளை ஜெபி, உயர்ந்த பதவி உனக்குத்தான். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் வீடியோவில் விட்டுவிடுகிறார்கள். தானியேலைச் சிங்கக் கெபியில் போட்டதே அந்த மூன்று வேளை ஜெபத்துக்காகத்தான்!

ஆக, ஒரு கூட்டத்துக்கு விசுவாசம் உழைப்புக்குப் பதிலி. இன்னொரு கூட்டத்துக்கு அது உழைப்புக்குப் போடும் உரம். இரண்டும் எனக்கு ஒத்துவரவில்லை. பி.காம். கடைசி வருஷம் படிக்கிறவன் என்பதால், இந்த விஷயத்தில் நான் பிடித்துக்கொண்ட ஆளும் ஒரு ஆடிட்டர்தான்: ஜே.சி. குமரப்பா.

நம் பாடப்புத்தகங்களில் அவர் பெயர் எப்போதாவது ஒரு வரியில் வந்து போகும். 1892-ல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு பம்பாயில் தொழில் நடத்தினார். பிறகு அமெரிக்கா போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தார். கோட்டு சூட்டு போட்ட மனிதர். 1929-ல் காந்தியைச் சந்தித்தார். அதோடு கோட்டு போய் கதர் வந்தது. 1934-ல் அகில இந்திய கிராமத் தொழில் சங்கம் ஆரம்பித்தபோது அந்த வேலை இவர் தோளில் ஏறியது. செக்கு எண்ணெய், கையால் செய்த காகிதம், தேனீ வளர்ப்பு, கைக்குத்தல் அரிசி என்று வார்தாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போட்டார்.

பிறகு சிறை. ஜபல்பூர் சிறையில் இருந்த காலத்தில் இரண்டு புத்தகங்கள் எழுதினார். ஒன்று 'நிலைத்த பொருளாதாரம்', மற்றது இயேசுவின் வாழ்க்கையையும் போதனையையும் பற்றியது. இரண்டும் 1945-ல் வெளிவந்தன. காந்தி வேடிக்கையாக அவருக்கு இரண்டு டாக்டர் பட்டம் கொடுத்தார். ஒன்று இறையியலுக்கு, ஒன்று கிராமத் தொழிலுக்கு. ஒரே ஆள், ஒரே சிறை அறை, ஒரு பக்கம் பொருளாதாரம், ஒரு பக்கம் சுவிசேஷம். அவருக்கு அது இரண்டு வேலையாகத் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

'நிலைத்த பொருளாதார'த்தில் பிழைப்பை ஐந்து வகையாகப் பிரிக்கிறார். ஆட்டை அடித்துத் தின்கிற புலி ஒரு வகை. மாந்தோப்பில் புகுந்த குரங்கு அடுத்த வகை. குரங்கு மரத்தைக் கொல்லவில்லை, ஆனால் தோப்பு உண்டாக ஒரு குடம் தண்ணீரும் ஊற்றவில்லை. தனக்காகத் தானே பாடுபட்டுச் சம்பாதிப்பது மூன்றாவது. தேனீயைப் போலக் கூட்டத்துக்காகச் சேர்ப்பது நான்காவது. தாய் தன் குஞ்சுக்கு ஊட்டுவது போலத் திரும்ப எதிர்பார்க்காமல் கொடுப்பது ஐந்தாவது. மாந்தோப்பும் குரங்கும் நிறைந்த தருமபுரி மாவட்டத்துக்காரனுக்கு இரண்டாவது வகையை விளக்கவே வேண்டாம். நம் வகுப்புக் குழுவில் அசைன்மெண்ட் கடைசி நாள் ராத்திரி பதினொரு மணிக்கு "யாராவது பி.டி.எஃப். போடுங்கடா" என்று வருமே, அதையும் அந்த வகையில் சேர்த்துக்கொள்ளலாம். (யாரையும் குறிப்பிடவில்லை!)

'பயனுள்ள நாள்' என்பதற்கு இங்கே கேள்வியே மாறிவிடுகிறது பாருங்கள். இன்றைக்கு எத்தனை வேலை முடித்தாய் என்பது இல்லை. யார் உழைப்பைத் தின்றாய், யாருக்காக உழைத்தாய் என்பது. ஒரு பொருளை வாங்கும்போது அது எப்படி உண்டானது என்பதிலும் வாங்குகிறவனுக்குப் பொறுப்பு உண்டு என்பது அவர் கட்சி. அவர் கணக்கில் ஒழுக்கம் தனிப் பேரேடு கிடையாது.

1934 பீகார் பூகம்ப நிவாரணத்தில் பணக் கணக்கு இவர் கையில் இருந்தது. தொண்டர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு மூன்று அணாதான் படி என்று வைத்திருந்தார். காந்தி தன் பரிவாரத்தோடு அங்கே வந்தபோது, அவர்கள் செலவை நிவாரண நிதியில் எழுத முடியாது என்று மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். தலைவரிடமே மூன்று அணாக் கணக்குப் பார்க்கிற ஆளைத்தான் நான் பக்திமான் என்று ஒத்துக்கொள்வேன். கடைசிக் காலத்தில் மதுரைப் பக்கம் கல்லுப்பட்டியில் தங்கியிருந்தார். வீட்டில் ஒரு ஏழைக் கிராமத்தான் படம் மாட்டியிருந்ததாம். யார் என்று கேட்டால், தன் எஜமானின் எஜமான் என்பாராம். 1960 ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளிலேயே, இறந்தார்.

எங்கள் பக்கத்திலேயே இன்னொரு உதாரணமும் உண்டு. அரூரிலிருந்து ஊத்தங்கரை வழியாகப் போனால் திருப்பத்தூர். அங்கே 1921-ல் சவரிராயன் ஜேசுதாசன் என்ற தமிழ் டாக்டரும், எர்னஸ்ட் ஃபாரெஸ்டர் பேட்டன் என்ற ஸ்காட்லாந்து டாக்டரும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கினார்கள். இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தி, வைத்தியம் பார்த்து, ஜெபித்து வாழ்ந்தார்கள். ஜனங்கள் ஒருவரைப் பெரியண்ணன் என்றும் மற்றவரைச் சின்னண்ணன் என்றும் கூப்பிட்டார்கள். ஜெபாலயத்தைக்கூட நம் ஊர்க் கோயில் பாணியிலேயே கட்டினார்கள்.

இவ்வளவும் எழுதிவிட்டு ஓய்வைப் பற்றி எழுதாவிட்டால் பாதிக் கிணறுதான். யாத்திராகமத்தில் ஒரு இடம் உண்டு. பார்வோன் இஸ்ரவேலருக்கு வைக்கோல் தருவதை நிறுத்துகிறான். வைக்கோலை நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், ஆனால் செங்கல் எண்ணிக்கை குறையக்கூடாது என்கிறான். சூளையில் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள், இந்தக் கதை அவர்களுக்கு உடனே புரியும். அப்படிச் செங்கல் எண்ணிச் சாகடிக்கப்பட்ட ஜனங்களுக்குத்தான் பிறகு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற கட்டளை வருகிறது. அதுவும் முதலாளிக்கு மட்டும் இல்லை, வேலைக்காரிக்கும் மாட்டுக்கும் வெளியூர்க்காரனுக்கும் சேர்த்து. திங்கட்கிழமை இன்னும் வேகமாக ஓடுவதற்காக ஞாயிற்றுக்கிழமை சார்ஜ் ஏற்றிக்கொள் என்று அங்கே சொல்லவில்லை. நீ செங்கல் இல்லை என்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் கட்டளை எங்கள் வீட்டில் இப்போது பணப் பிரச்சினையாக நிற்கிறது. அப்பா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அம்மா இட்லிக் கடை போட்டிருக்கிறார். ஞாயிறு மட்டும் லீவு. பொங்கலுக்கு அப்புறம் எதிர்வாடையில் ஒரு கடை வந்திருக்கிறது, ஏழு நாளும் திறப்பு. ஞாயிறு அங்கே போகிறவர்களில் சிலர் திங்கட்கிழமையும் அங்கேயே போய்விடுகிறார்கள். தங்கச்சி ஜூனில் நர்சிங் சேர வேண்டும். சபையிலேயே பெரியவர்கள் சிலர், "காலைல வியாபாரத்தப் பாத்துட்டு சாயங்கால ஆராதனைக்கு வாம்மா, ஆண்டவர் கோவிச்சுக்க மாட்டார்" என்கிறார்கள்.

நான் நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினேன். செலவெல்லாம் போக ஒரு ஞாயிறுக்கு 900 ரூபாய் நிற்கும். 52 ஞாயிறுக்கு 46,800. தங்கச்சியின் முதல் வருஷத்துக்கு இது பெரிய தொகை.

அம்மா நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "அக்கா கூலி போட்டிருக்கியா கண்ணு?" என்று கேட்டார். கடையில் உதவிக்கு வருகிற அக்காவைச் சொல்கிறார். அவர் எங்கள் சபை இல்லை, மாரியம்மன் பக்தை.

"போட்டிருக்கேன்மா. அது போகத்தான் 900."

"அவளோட ஞாயித்துக்கெழமைய எதுல போட்ட?"

அதற்குப் பேரேட்டில் தலைப்பு கிடையாது என்றேன்.

"நானாச்சும் கோயில்ல போயி ரெண்டு மணி நேரம் உக்காந்துக்குவேன். அவ எங்க போயி உக்காருவா? புள்ளைங்க தலைய சீவி விடறதே அன்னிக்கு ஒரு நாளுதான்."

அம்மா குமரப்பாவைப் படித்ததில்லை. எட்டாவதோடு நின்றுவிட்டவர்.

ஆனால் 46,800 ரூபாயும் நிஜம். அதை ஜெபத்தால் மூடிவிட முடியாது, அம்மாவும் மூடப் பார்க்கவில்லை. சனிக்கிழமைகளில் மதியமே கூடுதலாக அரிசி போட்டு ஆட்டி, ஞாயிறு காலைக்கு வீடுகளில் வாங்கிக்கொள்கிற மாதிரி மாவுப் பாக்கெட் விற்க ஆரம்பித்திருக்கிறோம். ஒரு பாக்கெட் 40 ரூபாய். அக்கா வழக்கமான நேரத்துக்குக் கிளம்பிவிடுவார். நிறுத்துப் பாக்கெட் போட்டு ரப்பர் பேண்ட் மாட்டுவது என் வேலை, கடை வாசலில் விற்பது தங்கச்சி வேலை. முதல் வாரம் 11 பாக்கெட் போனது. போன வாரம் 17. வெயில் ஏறுவதால் மாவு சீக்கிரம் புளிக்கிறது, அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் வெளியே வைக்க வேண்டியிருக்கிறது. இந்தச் சனிக்கிழமை 25 போட்டுப் பார்க்கலாம் என்கிறார் அம்மா.