விருத்தாசலத்தில் ஒரு மாற்றுப்பணி

ஒரு நூலகத்தின் தரத்தை அறிய விரும்புகிறவர், அதன் நூலகர் விடுப்பில் இருக்கும் நாளில் அங்கே சென்று பார்க்க வேண்டும் என்பது நெடுங்காலமாக என் அபிப்பிராயம். கிராமத்து நூலகம் ஒன்றில் பணிபுரியும் என்னை மாற்றுப்பணியாக விருத்தாசலத்துக்கு அனுப்பியபோது, அந்த அபிப்பிராயத்தை நேரில் பரீட்சித்துப் பார்க்கும் வாய்ப்புக் கிட்டியது.

மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் எழுந்தருளியிருக்கும் க்ஷேத்திரமாகப் பக்தர்களுக்கும், பல திசைகளிலும் தண்டவாளம் பிரிகின்ற ஜங்ஷனாகப் பிரயாணிகளுக்கும் தெரிந்த இவ்வூரை, வியாபாரிகள் பீங்கான் ஊர் என்றே அறிவார்கள். நெய்வேலி வட்டாரத்து வெண்களிமண் அருகில் கிடைப்பதனால் தழைத்த தொழில் இது. கொலு பொம்மைகளும் மின்சாரப் பியூஸ் கட்டைகளும் இங்கிருந்து வெளியூர் போகின்றன. தொழிலைக் கற்பிக்க அரசு பயிலகமும் இருக்கிறது. பட்டறைகளில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இந்நூலகத்தின் வாசகர்களில் கணிசமானோர்.

காலையில் கதவு திறக்குமுன்பே நாளிதழ் படிக்கும் பெரியவர்கள் வாசலில் நின்றார்கள். இதழ்களுக்கு முத்திரை குத்தி, வருகைப் பதிவேட்டை மேசைமேல் எடுத்து வைத்துவிட்டு, விடுப்பில் இருந்தவரின் ஏற்பாடுகளைப் பார்வையிட்டேன். அவர் எனக்கென்று குறிப்பொன்றும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்கும் அவசியமும் இருக்கவில்லை. இரவல் போன ஒவ்வொரு நூலின் அட்டையும், எடுத்துச் சென்றவரின் சீட்டோடு சேர்ந்து, திருப்பித் தரவேண்டிய தேதி வாரியாக மரப்பெட்டியில் நின்றது. நூலிருப்புப் பதிவேட்டில் வரிசை எண், நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், விலை ஆகியவை ஒரே சீரான கையெழுத்தில் நிரம்பியிருந்தன. காணாமற்போன நூலுக்கும், கிழிந்து கழிக்கப்பட்ட நூலுக்கும் நேரே அதன் கதி சிவப்பு மையில் குறிக்கப்பட்டிருந்தது. அவர் முகத்தை நான் பார்த்ததில்லை; ஆயினும் அவருடைய சிரத்தையை அந்தப் பக்கங்களில் தெளிவாகப் பார்த்தேன்.

நூலகத் தொழிலின் பெரும்பகுதி வாசகர் கண்ணுக்குப் புலப்படாதது. புதிதாக வரும் நூலுக்கு எண் இட்டு, உள்ளே ஒரு குறிப்பிட்ட பக்கத்திலும் அதே எண்ணை எழுதி, முதுகில் பகுப்பு எண் சீட்டு ஒட்டி, தேதித்தாள் ஒட்டி, அட்டை தயாரித்த பிறகுதான் அது அலமாரிக்குப் போகும். முகப்புத்தாள் கிழிந்து நூலின் பெயரே போய்விட்டாலும், உள்ளே இருக்கும் எண் இன்ன நூல் என்று காட்டிக் கொடுத்துவிடும். 1892இல் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் வாசகரின் பொழுதைக் காப்பதையும் ஒரு விதியாக வைத்தார். இத்தனை எழுத்துவேலையும் அந்த ஒரு விதியை நிறைவேற்றுவதற்கே.

முற்பகலில் கல்லூரி மாணவி ஒருத்தி, இவ்வட்டாரத்து எழுத்தாளர் இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலைக் கேட்டாள். 894.811 என்ற தமிழிலக்கிய எண்ணின் கீழ், எடுத்துப் படித்துப் படித்து முதுகு தளர்ந்த பிரதியாக அது இருந்தது. இதே வட்டாரத்து மணக்கொல்லைக்காரரான கண்மணி குணசேகரனின் ‘அஞ்சலை’யும் அதே வரிசையில் இருந்தது. தம் மண்ணின் பேச்சும் பாடுகளும் அச்சேறி அலமாரியில் நிற்பதைக் காணும் பாக்கியம் எல்லா ஊர்ப் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதில்லை.

பிற்பகல் வேலை முடிந்து, கைகழுவியும் நகக்கண்ணில் வெண்மண் படிந்திருந்த நடுவயதுத் தொழிலாளி ஒருவர் வந்தார்.

“சார், கிளேஸ் போடறதப் பத்தித் தமிழ்ல புஸ்தகம் இருக்குங்களா?” என்றார்.

ட்யூயி பகுப்பில் பீங்கான், கண்ணாடித் தொழில்களுக்கு உரிய எண் 666. அந்தப் பரிச்சயமற்ற அலமாரிகளுக்கிடையே எண்ணைப் பிடித்துக்கொண்டே நடந்து, மெலிந்த நூலொன்றை எடுத்து வந்தேன். அதன் ஓரங்களில் அழியாத வெளிறிய கட்டைவிரல் ரேகைகள் பல இருந்தன. இவருக்கு முன்னும் பட்டறைக்காரர்கள் அதைப் புரட்டியிருக்கிறார்கள். தம் வேலையைப் பற்றிக் கேட்டதும் அவர் உற்சாகமாக விளக்கினார். கூழாகக் கரைத்த களிமண்ணைப் பாரிஸ் சாந்து அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சும். ஓரத்தில் மண் சுவராகப் படியும். வேண்டிய கனம் வந்ததும் மிஞ்சிய கூழைக் கவிழ்த்துவிட வேண்டும்.

“அச்சு சரியா இருந்தா யாரு ஊத்துனாலும் பொம்மை ஒரே மாதிரி வருங்க. ஆனா ஊத்த ஊத்த அச்சும் தேஞ்சிடும். அப்புறம் மூக்கு முழி தெரியாது. புதுசா போட ஆளு வேணும்” என்றார்.

நூலகரின் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் எந்தப் பாடநூலிலும் படித்ததில்லை. விடுப்பில் போனவர் செய்து வைத்த ஒழுங்கு, முன்பின் அறியாத என் கையிலும் பிசகாமல் வேலை செய்தது. அந்த ஒழுங்கும் தேயக்கூடியதே. புதிய நூல்கள் எண்ணிடப்படாமல் கட்டாகக் கிடந்தால், இடம் மாறிய நூல்களை அன்றாடம் வரிசைப்படுத்த ஆளில்லாமல் போனால், சில மாதங்களில் பதிவேடு ஒன்றும் அலமாரி வேறொன்றுமாக ஆகிவிடும்.

1948இல் நிறைவேறி 1950இல் நடைமுறைக்கு வந்த சென்னை பொது நூலகச் சட்டம், சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். மக்கள் தங்கள் வரியிலிருந்து தங்கள் நூலகத்தைப் போஷிப்பதற்கு அது வழிவகுத்தது; இன்றும் வீட்டுவரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரியாக வசூலாகிறது. அவ்வளவு விசாலமான லட்சியத்தோடு பிறந்த ஏற்பாட்டில், ஒரே நூலகர் இரண்டு ஊர்களைக் கவனிக்கும் நிலை வழக்கமாகிவிடுவது வருந்தத்தக்கது. அவசரத்துக்கு ஒரு நாள், ஒரு வாரம் மாற்றுப்பணி செய்வதில் குற்றமில்லை. முந்தியவர் சேர்த்து வைத்த ஒழுங்கு அதைத் தாங்கும். ஆண்டுக்கணக்கில் அதையே ஏற்பாடாகக் கொண்டால், இருக்கிற ஒழுங்கைச் செலவழித்து நாள் கடத்துகிறோம் என்பதே பொருள். கட்டடம் எழுப்புவதிலும் நூல் வாங்குவதிலும் காட்டும் ஊக்கத்தை, ஒவ்வொரு நூலகத்துக்கும் நிலையான நூலகர் ஒருவரை நியமிப்பதிலும் காட்ட வேண்டும். அந்தத் தொழிலாளி கேட்ட நூலை அடுத்துக் கேட்பவருக்கும் உடனே எடுத்துக் கொடுக்க வேறு மார்க்கம் இல்லை.